மதிப்பெண் போடும் கை: மருத்துவக் கல்லூரிகளில் பாகுபாடும் புகார் வழிகளும்

மருத்துவக் கல்லூரியில் பாடம் நடக்கும் இடமும் வேலை நடக்கும் இடமும் ஒன்றே. உடற்கூறியல் கூடத்தைத் தாண்டி வார்டுக்குள் நுழையும் மாணவருக்கு மேலே ஹவுஸ் சர்ஜன், அவருக்கு மேலே பட்ட மேற்படிப்பு மாணவர், பிறகு உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், யூனிட் சீஃப், துறைத் தலைவர், டீன் என்று படிகள் உயர்ந்துகொண்டே போகின்றன. ஒவ்வொரு படியில் நிற்பவரும் கீழே உள்ளவருக்குக் கற்பிக்கிறார், வேலை ஏவுகிறார், டியூட்டி போடுகிறார், லாக் புத்தகத்தில் கையெழுத்திடுகிறார், மதிப்பெண் தருவதிலும் பங்கு பெறுகிறார். கலைக் கல்லூரியிலோ பொறியியல் கல்லூரியிலோ இந்த அதிகாரங்கள் பல பேரிடம் சிதறிக் கிடக்கும். இங்கே ஒரு சிலரிடம் குவிந்திருக்கின்றன. பட்ட மேற்படிப்பில் இது இன்னும் இறுகுகிறது. வழிகாட்டி ஒப்பாத ஆய்வேட்டைக் கொண்டு யாரும் தேர்வு எழுத முடியாது. அந்த வழிகாட்டியே பெரும்பாலும் அன்றாட மேலதிகாரியாகவும் இருக்கிறார். இழிவுபடுத்தப்பட்ட மாணவர் வாய் திறக்கத் தயங்குவதற்கு அவருடைய மனத்தில் காரணம் தேட வேண்டியதில்லை. காரணம் இந்த அமைப்பில் இருக்கிறது.

துன்புறுத்தல் என்று எதைச் சொல்வது என்பதில் முதலில் தெளிவு வேண்டும். நோயாளியின் கட்டிலருகே கடினமான கேள்வி கேட்பதும், பதில் தெரியாத மாணவரை மறுநாள் படித்துவரச் சொல்வதும் கற்பித்தலே. தவறான மருந்தளவு எழுதியவரைக் கடிந்துகொள்வதும் அப்படித்தான். ஆனால் பதில் தெரியாதபோது ‘கோட்டாவில் வந்தாயா?’ என்று கேட்டால் அது பாகுபாடு. ‘கல்யாணம் ஆனதும் வீட்டோடு போய்விடுவாய், உனக்கு எதற்கு சர்ஜரி?’ என்று சொல்லி ஒரு பெண்ணை அறுவை அரங்கில் ஓரமாக நிற்க வைத்தாலும் அதுவே. கேஸ் ஷீட்டை முகத்தில் எறிதல், நோயாளிகளின் முன்னிலையில் வசைபாடுதல், சொந்த வேலைக்கு அனுப்புதல், தண்டனையாக 36 மணி நேர டியூட்டி போடுதல் ஆகியவை எந்தச் சாதியையும் பாலினத்தையும் குறிவைக்காதபோதும் துன்புறுத்தலே. ‘நாங்களும் இப்படித்தான் படித்தோம்’ என்னும் வாக்கியம் இத்துறையில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருகிறது. அதைச் சொல்லும் மூத்தவர்கள் பலர் நல்ல மருத்துவர்கள் என்பதால் வசவுக்கும் ஒரு மரியாதை வந்துவிட்டது. வசவினால் அவர்கள் நல்ல மருத்துவர்கள் ஆனார்கள் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

இருக்கும் ஆதாரம் எதிர்த்திசையில் உள்ளது. இஸ்ரேலில் பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுகளைச் சேர்ந்த 24 மருத்துவக் குழுக்களை ஓர் ஒத்திகைப் பயிற்சியில் ஈடுபடுத்தி, 2015இல் ஓர் ஆய்வு வெளியானது. சில குழுக்களிடம் வெளியிலிருந்து வந்த நிபுணர் ஒருவர் அவமதிப்பாகப் பேசினார். மற்றவற்றிடம் இயல்பாகப் பேசினார். அவமதிப்புக்கு ஆளான குழுக்கள் நோயைக் கண்டறிவதிலும் சிகிச்சை செய்வதிலும் பின்தங்கின. ஒருவரிடம் ஒருவர் உதவி கேட்பதும் தகவல் பகிர்வதும் குறைந்துபோயின. வார்டில் நடக்கும் வசவின் விலையை மாணவர் மட்டும் கொடுப்பதில்லை, படுக்கையில் கிடப்பவரும் கொடுக்கிறார்.

இந்தச் சிக்கலை முதலில் அளக்கத் துணிந்தது அமெரிக்கா. கொலராடோ பல்கலைக்கழகக் குழந்தை மருத்துவர் ஹென்றி சில்வர் 1982இல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். ஆர்வத்தோடு வந்து சேரும் மாணவர்கள் சில ஆண்டுகளில் கசப்பும் அச்சமும் கொண்டவர்களாக மாறுவது, துன்புறுத்தப்பட்ட குழந்தைகளிடம் தாம் பார்த்த மாற்றத்தை ஒத்திருக்கிறது என்றார் அவர். குழந்தைகள் துன்புறுத்தப்படுவதைப் பற்றி நன்கு அறிந்தவர் சொன்னதால் அந்தச் சொல்லுக்கு எடை இருந்தது. 1990இல் அவரும் உடன் ஆய்வாளரும் ஒரு மருத்துவக் கல்லூரி மாணவர்களிடம் கேட்டு வெளியிட்ட முடிவில், 46.4 விழுக்காட்டினர் ஏதோ ஒரு கட்டத்தில் துன்புறுத்தப்பட்டதாகக் கூறியிருந்தனர். இறுதியாண்டு மாணவர்களில் இது 80.6 விழுக்காடு. அடுத்த ஆண்டிலிருந்து அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம், பட்டம் பெறும் மாணவர்களிடம் ஆண்டுதோறும் நடத்தும் கருத்துக்கணிப்பில் இது குறித்த கேள்விகளையும் சேர்த்துக்கொண்டது.

அந்தக் கணிப்பின் 2016, 2017ஆம் ஆண்டுத் தரவுகளிலிருந்து 27,504 மாணவர்களின் பதில்களை ஆராய்ந்த கட்டுரை 2020இல் வந்தது. பெண்களில் 40.9 விழுக்காட்டினரும் ஆண்களில் 25.2 விழுக்காட்டினரும் குறைந்தது ஒரு துன்புறுத்தலையாவது சந்தித்திருந்தனர். வெள்ளையின மாணவர்களில் 24 விழுக்காடாக இருந்தது, மருத்துவத்தில் போதிய இடம் பெறாத சிறுபான்மையினத்தாரில் 38 விழுக்காடாக உயர்ந்தது. ஆசிய வம்சாவளி மாணவர்கள் இரண்டுக்கும் நடுவே 31.9 விழுக்காட்டில் நின்றனர். வசவு எல்லார் மேலும் ஒரே அளவில் பெய்யும் மழை என்ற வாதத்துக்கு இந்த எண்கள் இடம் தரவில்லை.

இதைவிடச் சங்கடமான பாடம் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து வந்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் அங்குள்ள மருத்துவக் கல்லூரி, 1990களின் நடுவிலேயே கொள்கை வகுத்து, புகார் வழி அமைத்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அளித்தது. 13 ஆண்டுகள் மாணவர்களிடம் தொடர்ந்து கேட்டுப் பதிவும் செய்தது. 2012இல் முடிவை வெளியிட்டபோது, அத்தனை முயற்சிக்குப் பிறகும் பாதிக்கு மேற்பட்ட மாணவர்கள் ஏதோ ஒருவகைத் துன்புறுத்தலைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குறிப்பிடத்தக்க குறைவு இல்லை. தன் தோல்வியை இவ்வளவு வெளிப்படையாக அச்சிட்ட கல்லூரியைப் பாராட்டத்தான் வேண்டும். கொள்கை ஆவணமும் பயிற்சிப் பட்டறையும் மட்டும் போதா என்பது அதனால்தான் மற்றவர்களுக்குத் தெரியவந்தது. ஏன் புகார் செய்யவில்லை என்ற கேள்விக்கு அந்நாட்டு மாணவர்கள் திரும்பத் திரும்பத் தரும் பதில்கள் மூன்று: இது அவ்வளவு பெரிய விஷயமில்லை, சொன்னாலும் ஒன்றும் நடக்காது, சொன்னால் பழிவாங்குவார்கள். அமெரிக்கத் தேசியக் கல்விக்கழகங்கள் அறிவியல், பொறியியல், மருத்துவத் துறைகளில் பாலியல் துன்புறுத்தல் பற்றி 2018இல் வெளியிட்ட பேரறிக்கையும் இதே இடத்துக்கு வந்தது. தொல்லை எங்கே மிகும் என்பதைக் கணிக்க உதவும் வலுவான அறிகுறி, அந்த நிறுவனம் அதைச் சகித்துக்கொள்ளும் என்று உள்ளே இருப்பவர்கள் நம்புவதே என்றது.

இந்தியாவில் இத்தகைய நாடு தழுவிய ஆண்டுக் கணிப்பு வழக்கத்தில் இல்லை. இங்கே செய்தி பெரும்பாலும் ஒரு மரணத்தின் வழியாகவோ ஒரு விசாரணைக் குழுவின் வழியாகவோதான் வெளிவருகிறது.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு படித்த பொன் நாவரசு 1996 நவம்பரில் அதே கல்லூரியின் மூத்த மாணவர் ஒருவரால் ராகிங்கின்போது கொல்லப்பட்டார். நாவரசின் தந்தை அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். கடலூர் நீதிமன்றம் 1998இல் ஆயுள் தண்டனை விதித்தது. 2001இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தண்டனையை மீண்டும் உறுதிசெய்தது. வழக்கு முடிய ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் பிடித்தாலும், சட்டம் சில மாதங்களிலேயே வந்துவிட்டது. தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம், 1997 ராகிங்குக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. அதில் அதிகம் பேசப்படாத பிரிவு ஒன்று உண்டு. எழுத்துப் புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காமல் புறக்கணிக்கும் கல்லூரித் தலைவர் அக்குற்றத்துக்கு உடந்தையாக இருந்ததாகவே கருதப்படுவார். புகார் கேட்பவரின் மேசைக்கே பொறுப்பைக் கொண்டுசெல்லும் இப்பிரிவு தண்டனைப் பிரிவை விடவும் கூர்மையானது.

2009 மார்ச்சில் இமாசலப் பிரதேசத்தின் டாண்டா அரசு மருத்துவக் கல்லூரியில் அமன் கச்ரு என்ற முதலாண்டு மாணவர் மூத்த மாணவர்களின் அடியால் இறந்தார். அதே ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழுவின் ராகிங் தடை விதிமுறைகள் வந்தன. ராகிங் தடுப்புக் குழு, திடீர்ச் சோதனை செய்யும் பறக்கும் படை, மாணவரும் பெற்றோரும் தரும் உறுதிமொழிப் பத்திரம், 1800-180-5522 என்ற நாடு தழுவிய உதவி எண் ஆகியவற்றோடு, குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் காவல் துறையில் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்ற கடமையும் நிறுவனத் தலைவர் மேல் விழுந்தது. 2016இல் செய்த திருத்தம் சாதி, மதம், நிறம், பாலினம், பாலியல் சார்பு, தோற்றம், மொழி, பிறந்த ஊர், பொருளாதாரப் பின்னணி முதலியவற்றைக் காரணமாக வைத்து இழிவுபடுத்துவதையும் ஒதுக்கிவைப்பதையும் ராகிங் என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. ஆனால் இவ்விதிகளின்படி ராகிங் என்பது மாணவர் மாணவருக்குச் செய்வது. ஆசிரியர் செய்தால் வேறு கதவைத் தட்ட வேண்டும்.

ஆசிரியர் கையிலுள்ள மதிப்பெண் எப்படிப் பாகுபாட்டின் கருவியாகிறது என்பதை இரண்டு தில்லிக் கல்லூரிகள் காட்டின. அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களின் நிலையை ஆராய சுக்தேவ் தோரட் தலைமையில் 2006இல் அமைந்த குழு மறு ஆண்டு அறிக்கை தந்தது. வாய்மொழித் தேர்வில் தங்களுக்குக் குறைவான நேரமே தரப்படுகிறது, சாதிப் பின்னணி விசாரிக்கப்படுகிறது, செய்முறைத் தேர்வில் நியாயம் கிடைப்பதில்லை என்று மாணவர்கள் குழுவிடம் கூறினர். தொல்லை தாங்காமல் விடுதியில் அவர்கள் தனித் தளங்களில் ஒதுங்கி வாழும் நிலை உருவாகியிருந்ததையும் அறிக்கை சொன்னது. நிர்வாகம் அதை ஏற்கவில்லை. இரண்டாவது, வர்தமான் மகாவீர் மருத்துவக் கல்லூரி. உடலியங்கியல் பாடத்தில் மட்டும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் திரும்பத் திரும்பத் தோற்றுக்கொண்டிருந்தார்கள். பட்டியல் சாதியினருக்கான தேசிய ஆணையத்தின் சார்பில் விசாரித்த பால்சந்திர முங்கேகர் 2012இல் அங்கே சாதிப் பாகுபாடு நிலவியதாக முடிவு தந்தார். எழுத்துத் தேர்வின் விடைத்தாளுக்கு எண் உண்டு, பெயர் இல்லை. செய்முறையிலும் வாய்மொழியிலும் மாணவர் முகத்தோடும் பெயரோடும் தேர்வாளரின் எதிரே உட்கார்கிறார். இன்டர்னல் மதிப்பெண்ணும் அப்படிப்பட்டதே. பாகுபாடு தங்கும் இடம் அதுதான்.

மும்பை டோபிவாலா தேசிய மருத்துவக் கல்லூரியில் மகப்பேறு மருத்துவ மேற்படிப்பில் இருந்த பாயல் தட்வி, 2019 மே 22 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார். பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்தவர். மூத்த மருத்துவ மாணவியர் மூவர் கைதாகி, வழக்கு நீதிமன்றம் சென்றது. சாதியைச் சொல்லி இழிவுபடுத்தப்பட்டதைக் குறித்துத் துறையில் முன்னரே முறையிட்டதாக அவருடைய குடும்பத்தார் கூறினர். அவருடைய தாயும், ஐதராபாத்தில் இறந்த ஆய்வு மாணவர் ரோகித் வெமுலாவின் தாயும் அதே ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் சேர்ந்து மனுத் தாக்கல் செய்தார்கள். உயர்கல்வி நிறுவனங்களில் சமத்துவத்துக்காக மானியக் குழு 2012இல் கொண்டுவந்த விதிகள் ஏட்டளவில் நின்றுவிட்டன என்பதே அவர்கள் குறை. அந்த விதிகளைப் படித்தால் எழுதியவர்களுக்கு வகுப்பறை நன்றாகத் தெரிந்திருந்தது புலப்படும். வகுப்பில் மாணவரின் சாதியை வாய்விட்டு அறிவிப்பது, இட ஒதுக்கீட்டு மாணவர் என்று முத்திரை குத்துவது போன்றவற்றையெல்லாம் பாகுபாடு என்று பெயர் சொல்லித் தடைசெய்திருந்தன. ஒவ்வொரு நிறுவனத்திலும் சம வாய்ப்பு மையமும் பாகுபாடு தடுப்பு அலுவலரும் வேண்டும் என்றன. அந்த அலுவலர் அதே நிறுவனத்தின் பேராசிரியர். குறை அங்கே தொடங்குகிறது.

ஆக, புகார் செய்யக் கதவுகள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மூத்த மாணவர் செய்தால் ராகிங் தடுப்புக் குழுவும் உதவி எண்ணும் இருக்கின்றன. சாதி, மதப் பாகுபாட்டுக்குச் சம வாய்ப்பு மையம், பாலியல் தொல்லைக்கு உள்ளகப் புகார் குழு. குற்றமாகும் எதற்கும் காவல் நிலையம் உண்டு. பட்டியல் சாதி, பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவது குற்றம். 2018 திருத்தத்துக்குப் பின் முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை. வார்டிலோ அறுவை அரங்கிலோ நடந்தது என்றால் அப்போது யார் யார் அருகில் இருந்தார்கள் என்பது வழக்கின் உயிராகிவிடுகிறது. அதனால்தான் நடந்த அன்றே தேதி, நேரம், இடம், சொன்ன சொற்கள் அப்படியே, உடனிருந்தவர்கள் ஆகியவற்றை எழுதிவைத்துக்கொள்ளும்படி இத்துறையில் அனுபவமுள்ளவர்கள் அறிவுறுத்துகிறார்கள். வாய்மொழியாகச் சொன்ன புகார் பெரும்பாலும் ஆலோசனையாக முடிந்துவிடும். எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் வாங்கிய புகாரைப் பின்னால் மறுப்பது கடினம்.

இந்தக் கதவுகளில் செப்பமாகக் கட்டப்பட்டது பாலியல் துன்புறுத்தலுக்கானது. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குழுவின் தலைவர் மூத்த பெண் அலுவலர். உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் பெண்கள். வெளியாள் ஒருவர் கட்டாயம். மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். புகாரை நிரூபிக்க முடியாமல் போவது மட்டுமே பொய்ப் புகார் ஆகாது என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிமுறைகள் ஆண் மாணவர்களுக்கும் மூன்றாம் பாலினத்தவருக்கும் இந்தப் பாதுகாப்பை விரித்தன. மாணவர் தொடர்பான விவகாரங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவப் பிரதிநிதிகளும் குழுவில் இடம்பெறச் செய்தன. எல்லாவற்றையும் விட முக்கியமானது ஓர் இடைக்கால ஏற்பாடு. விசாரணை முடியும்வரை, புகாருக்கு உள்ளானவர் புகார் தந்தவரின் வேலையையோ தேர்வையோ மதிப்பிடாமல் விலக்கிவைக்கலாம். சட்டத்தின் கீழான விதிகள், புகார் தந்தவரின் கல்விப் பணியை மேற்பார்வை செய்வதிலிருந்தும் விலக்கலாம் என்கின்றன. மதிப்பெண் போடும் கையையும் புகாருக்கு உள்ளான கையையும் சட்டம் பிரித்துப் பார்த்த இடம் இது.

பெயர் சொல்லாமல் தரும் புகார்ப் பெட்டி எளிய தீர்வாகத் தோன்றும். ஆண்டுக்கு மூன்று பேர் சேரும் ஒரு மேற்படிப்புத் துறையில் பெயரில்லாப் புகாரை எழுதியவர் யார் என்று கண்டுபிடிக்க யாருக்கும் துப்பறியும் திறமை தேவையில்லை. தவிர, குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தன் மேல் என்ன சொல்லப்படுகிறது என்று அறிந்து மறுமொழி தரும் உரிமை உண்டு. பெயரில்லாத தாளை வைத்து ஒருவரைத் தண்டிப்பது நியாயமும் ஆகாது. பெட்டியின் பயன் வேறு. ஒரே யூனிட்டிலிருந்து ஆண்டுக்கு ஆண்டு ஒரே மாதிரித் தாள் விழுந்தால், நிர்வாகம் தானாகவே அங்கே பார்வையிடலாம், டியூட்டிப் பட்டியலைக் கேட்கலாம், மாணவர்களை மாற்றலாம். அமெரிக்கச் சட்ட அறிஞர் இயன் ஏர்ஸ் உள்ளிட்டோர் முன்வைத்த வைப்புமுறை இன்னொரு வழி. பாதிக்கப்பட்டவர் தன் புகாரை எழுதி ஒரு காப்பகத்தில் வைக்கிறார். அதே ஆள்மேல் இன்னொருவரும் எழுதியபோதுதான் அது திறக்கப்படும். தனியாக முதலில் பேசும் அச்சம் இதில் குறைகிறது. 2015 முதல் அமெரிக்கக் கல்லூரிகள் சிலவற்றில் இயங்கிய காலிஸ்டோ என்ற கணினி அமைப்பு இந்த எண்ணத்தில் பிறந்தது. அங்குள்ள பல மருத்துவக் கல்லூரிகள் இன்னும் எளிதான ஒன்றையும் செய்கின்றன. மாணவர் ஆசிரியரைப் பற்றி எழுதும் மதிப்பீட்டை, அந்த மாணவருக்கான மதிப்பெண் பதிவாகி முடியும்வரை ஆசிரியருக்குக் காட்டுவதில்லை. இதற்குக் காசும் தேவையில்லை, சட்டமும் தேவையில்லை.

டியூட்டி நேரமும் இதோடு சேர்ந்ததே. ஓய்வில்லாத பணி தண்டனையாகப் பயன்படும் இடத்தில் எது பணித்தேவை, எது வன்மம் என்று பிரித்தறிய முடியாது. மத்திய அரசின் 1992ஆம் ஆண்டு உறைவிட மருத்துவர் திட்டம் நாளுக்கு 12 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு சொன்னது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு மேற்படிப்பு விதிகள் நியாயமான பணிநேரம், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பவற்றோடு நின்றுவிட்டன. ‘நியாயமான’ என்பது எத்தனை மணி என்று துறைத் தலைவரே முடிவுசெய்யும்வரை அந்த விதியால் பயன் சிறிது.

உள்ளகக் குழுக்கள் தம்மிடம் வந்த புகார், முடித்தவை, 90 நாளைக் கடந்தும் தேங்கியவை ஆகியவற்றை ஆண்டறிக்கையில் தர வேண்டும் என்பது 2013 சட்டத்தின் கட்டளை. பல அறிக்கைகளில் அந்த இடத்தில் ‘இல்லை’ என்று மட்டும் இருக்கும். அதைப் பெருமையாகவும் வாசிப்பார்கள். நூற்றுக்கணக்கான மாணவர்கள் இரவு பகலாகப் பணிசெய்யும் மருத்துவமனையில் பல ஆண்டுகள் ஒரு புகாரும் வரவில்லை என்றால், அந்தக் கல்லூரியில் புகார் வழி வேலை செய்யவில்லை என்றே கொள்ள வேண்டும். பாலியல் புகார்களுக்கு இருக்கும் மதிப்பீட்டு விலக்கு, சாதி, மத, மொழிப் பாகுபாட்டுப் புகார்களுக்கும் ஆசிரியர் செய்யும் துன்புறுத்தலுக்கும் அதே தெளிவான சொற்களில் வர வேண்டும். புகார் தந்த மாணவரின் செய்முறை, வாய்மொழித் தேர்வுகளைப் பிற பல்கலைக்கழகத் தேர்வாளர்கள் மட்டுமே நடத்த வேண்டும். ஆய்வேட்டு வழிகாட்டியை மாற்றிக்கொள்ளும் உரிமை அவருக்குத் தானாகவே கிடைக்க வேண்டும். விசாரிக்கும் குழுவில் அத்துறை சாராத வெளியாட்கள் பெரும்பான்மையாக இருக்க வேண்டும். இவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. தேசிய மருத்துவ ஆணையமும் மருத்துவப் பல்கலைக்கழகங்களும் தம் தேர்வு விதிகளைத் திருத்தினால் போதும். அதை அடுத்த கல்வியாண்டுக்குள் செய்யலாம்.